முள் வைக்கிறவள்

பீல் நகரில் தெருவுக்குத் தெரு இரண்டு பெயர்.
ஒன்று டொச், மற்றது பிரெஞ்ச்.
என் இரண்டு செட்டைகளுக்கும் நடுவே
குந்தியிருந்ததற்கு மட்டும்
இரண்டிலும் எனக்குப் பெயர் தெரியவில்லை.
"அங்கே" என்றேன் டொக்டரிடம்.
எட்டாத இடத்தைக் காட்டக்
கையும் எட்டவில்லை.

மணிக்கூட்டுக்கு முள் வைக்கிற வேலை எனக்கு.
மணி முள், நிமிட முள்,
பிறகு மயிரிலும் மெல்லிசாக வினாடி முள்.
கண்ணில் பூதக்கண்ணாடி, விரலில் சாமணம்.
மூச்சு விட்டால் முள் பறந்துவிடும்.
பதினோரு வருஷமாக
நாளுக்கு எட்டரை மணித்தியாலம்
அரை மூச்சில் இருந்திருக்கிறேன்.
மிச்ச அரை எங்கே போனது என்று
ஒருவரும் கேட்கவில்லை, நானும்.

வியாழன் பின்னேரம், பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம்.
ரப்பர் மணம். சுவரோடு மரக் கம்பிகள்.
முன்பு தபால் பொதி சுமந்தவளாம் யூடித்.
அவள் வாயில் "புஜங்காசனா"
பனிமலை ஏறி இறங்கிக்
களைத்து வந்த சொல்லாக இருந்தது.
பன்னிரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்,
இது உங்கள் வீட்டுச் சாமான்தானே என்பதுபோல.
என் வீட்டில் யோகா செய்த ஒருவரையும்
நான் கண்டதில்லை.
ஆனாலும் மானம்
முதுகில்தான் இருக்கிறது போலும்.
எழும்பினேன்.
பக்கத்துப் பாயிலிருந்த இருபது வயதுக்காரியைவிட உயரமாய்,
கழுத்தைப் பின்னால் எறிந்து
கூரை விளக்கை எண்ணும் அளவுக்கு.

இரவு, இடது சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது.
விடிந்தும் ஊர்ந்தது.
அன்று மூன்று வினாடி முட்கள் தவறின.

கழுத்தில் ஒரு நரம்பு கோபித்திருக்கிறது என்றார் டொக்டர்.
படம் எடுத்தார். ஊசியால் விரல்களைக் குத்திக் கேட்டார்.
ஆறு கிழமை பாம்பும் வேண்டாம் படமும் வேண்டாம்,
பிறகு போ,
போனால் மெல்லப் போ.

போனேன்.
யூடித் என் பாயருகே வந்து இருந்தாள்.
"நான் கவனித்திருக்க வேண்டும்" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள், பிறகு
ஒரு துவாயைச் சுருட்டி
செட்டைகளுக்குக் கீழே குறுக்காக வைத்தாள்.
தலைக்கு மடித்த போர்வை.
முழங்கால்கள் மடிந்து, பாதம் நிலத்தில்.
கைகள் இரண்டும் கழற்றிப்போட்ட சட்டைபோல்.
இழுக்கலாம், குத்தக்கூடாது.
குத்தினால் துவாயை எடு.
விரல் விறைத்தால் நிறுத்து,
நிற்காவிட்டால் என்னிடம் வராதே,
டொக்டரிடம் போ.

இவ்வளவுதானா?
படுத்திருப்பதற்கா மாதம் அறுபது பிராங்க்?

ஏழாவது மூச்சோ எட்டாவதோ,
நெஞ்சுக்கு மட்டும் வந்து திரும்பிக்கொண்டிருந்த காற்று
வழி தவறியதுபோல்
முதுகுக்குள் இறங்கியது.
பூட்டிக் கிடந்த அறையில்
யாரோ யன்னல் திறந்த சத்தம்.
கண்ணோரம் ஈரம் காது வரை ஓடியது.
துடைக்கவில்லை. கைகள்தான் சட்டையாகக் கிடந்தனவே.

அன்றைய பாம்பு
நிலத்திலிருந்து நாலு விரல் எழுந்தது.
பார்வை பாயின் ஓரத்தில்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நல்லது.

நோ போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.
பனி பெய்யுமுன் வரும்.
மாதக் கடைசியில், கணக்கு மிஞ்சும் நாட்களில் வரும்.
இப்போது மணிக்கொரு தடவை
சாமணத்தை வைத்துவிட்டுத் தோளைச் சுழற்றுகிறேன்.
எதிர் மேசை லூர்த்சும் சுழற்றுகிறாள்.
மேற்பார்வையாளர் தன் கையைப் பார்க்கிறார்.
பார்க்கட்டும், அதிலும்
நாங்கள் வைத்த முள்தான் ஓடுகிறது.

எங்கள் மொழியில் முதுகிலும் முள் உண்டு.
முள்ளந்தண்டு என்றேன். லூர்த்ஸ் சொல்லிப் பார்த்தாள்,
நாக்குச் சிக்கிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், முழு மூச்சோடு.
வினாடி முள் பறந்தது.

முதுகை வளைக்காமல்
முழங்காலை மடித்து
மேசைக்கடியில் தேடினோம்,
அவசரமில்லாமல், இரண்டு பேரும்.